பார்த்தாச்சா

அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு மிருகம் செத்தால் வெண்டலுக்குத்தான் சொல்லியனுப்புவார்கள். மண் தோண்டும் எந்திரம் அவரிடம்தான் இருந்தது. வருவார், தொப்பியைக் கழற்றுவார், செத்ததை ஒருமுறை பார்ப்பார். பிறகு வீட்டுக்காரரிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி, எங்கே தோண்டுவது என்பதல்ல. "பார்த்தாச்சா?" என்பதுதான்.

செத்த குதிரையோடு நின்ற குதிரை, செத்த பசுவின் மந்தை, செத்த நாயோடு ஒரே கம்பளியில் படுத்த நாய், இவை வந்து முகர்ந்து பார்த்தாயிற்றா என்று அதற்கு அர்த்தம். ஆகவில்லை என்றால் வெண்டல் எந்திரத்தை வண்டியிலிருந்து இறக்கமாட்டார். முன்சீட்டில் உட்கார்ந்து, குடுவையைத் திறந்து, காப்பி குடித்துக்கொண்டிருப்பார். மழை பெய்தாலும் சரி, பின்னால் வேறு வேலை காத்திருந்தாலும் சரி.

மார்லிஸின் கணவன் எமெட்டும் அதே ரகம். "பார்க்கட்டும் விடு" என்பான். "பார்த்துடுச்சுன்னா தேடாது. பார்க்கலைன்னா வேலி வேலியா ஓடிக் கத்திக்கிட்டே கெடக்கும்." ஒரு குளிர்காலத்தில் கிழட்டு ஆடு ஒன்று செத்தபோது, பனிக்கட்டியாய் விறைத்துப்போன அதை மற்ற ஆடுகள் பார்ப்பதற்காக அவனே தொழுவத்துக்குள் இழுத்துக்கொண்டு போனான். மார்லிஸ் சிரித்தாள். "ஆட்டுக்கு இழவு வீடு நடத்துற ஒரே ஆள் நீதான்" என்றாள். அவன் காது மிஷினைத் தொட்டுக் காட்டி, கேட்கவில்லை என்றான். கேட்க வேண்டாதது எதுவும் அவனுக்குக் கேட்காது.

அந்த எமெட் ஏப்ரல் மாதம் செத்தான். மார்லிஸ் அப்போது ஊரில் இல்லை. முழங்கால் அறுவை செய்துகொண்ட தங்கைக்குத் துணையாக, மலைக் கணவாய்க்கு அந்தப் பக்கம் இருந்தாள். காலையில் அண்ணனைப் பார்க்க வந்த எமெட்டின் தங்கை கோரின்தான் தொழுவத்துக்குள் போய்ப் பார்த்துவிட்டு போன் செய்தாள். மாரடைப்பு. கணவாயில் பனி கொட்டி வழி அடைத்திருந்தது. மார்லிஸ் வந்து சேர மறுநாள் மாலை ஆகிவிட்டது.

சவ அடக்கம் செய்பவர் மரியாதையாகக் கேட்டார், "ஒரு தடவை பார்க்கறீங்களா?"

மார்லிஸ் வாயைத் திறப்பதற்குள் கோரின் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம் மார்லிஸ். தூங்கற மாதிரிதான் போயிருக்கான். நீ கடைசியாப் பார்த்த முகம் இருக்குல்ல, அதுவே உன்கிட்ட இருக்கட்டும்."

"சரி" என்றாள் மார்லிஸ்.

வாழ்நாளின் பெரும்பகுதியைப் பள்ளிக்கூட நூலகத்தில் கழித்தவள் அவள். குரலைத் தாழ்த்திப் பழகிய வாய். யார் எதை உறுதியாகச் சொன்னாலும் சரி என்றுதான் அதற்கு முதலில் வரும். அவள் கடைசியாகப் பார்த்த முகமோ ஒன்றும் பெரிதாக வைத்துக்கொள்ளும்படி இல்லை. காரின் மழைத்துடைப்பான் தேய்ந்திருக்கிறது, மாற்றாமல் கணவாய் ஏறுகிறாயே என்று வாய் நிறைய ரொட்டியோடு வாசலில் நின்று திட்டிய முகம் அது.

நாலைந்து நாள் கழித்து எமெட்டை எரித்த சாம்பல் வந்தது. ஒரு சிறிய சர்க்கரை மூட்டையின் கனம். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நடந்த இரங்கல் விருந்தில், சீஸ் போட்டு வேகவைத்த உருளைக்கிழங்குத் தட்டுகளுக்கு நடுவே, வெண்டல் அவளிடம் வந்தார். சட்டைக் காலர் அவர் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது.

"பார்த்தியா மார்லிஸ்?"

"இல்ல வெண்டல்."

அவர் கையில் வைத்திருந்த தொப்பியின் உள்பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போய்விட்டார்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு அவள் தொழுவத்துக்குப் போனாள். உள்ளே தரை முழுவதும் சுத்தமாக வாரியிருந்தது. வைக்கோல் கூட்டும் வாரியின் இரும்புப் பற்கள் சீப்பு ஓட்டியதுபோல் கோடு கோடாகத் தடம் பதித்திருந்தன. அதன் மேல் புது வைக்கோல். எமெட் செத்த காலையிலும் இதைச் செய்ய ஒருத்திக்குத் தோன்றியிருக்கிறதே என்று அவள் கோரினைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நீ இல்லைன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்" என்றாள். கோரின் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

அதன் பிறகு மார்லிஸ் நன்றாகத்தான் இருந்தாள் என்று ஊர் சொன்னது. அவளும் அப்படித்தான் நினைத்தாள், அந்த பேட்டரி விஷயத்தைத் தவிர. கடைக்குப் போனால், கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கும் காது மிஷின் பேட்டரி அட்டைக்கு அவள் கை தானாகப் போகும். எடுத்துக் கூடையில் போடும். வீட்டுக்கு வந்து பையைப் பிரிக்கும்போதுதான் தெரியும். திருப்பிக் கொடுக்க வெட்கம். சமையலறை இழுப்பறையில் அந்த அட்டைகள் சேர்ந்துகொண்டே போயின. யாரிடம் இதைச் சொல்வது? மூளைக்குத் தெரிந்துவிட்டது, கைக்கு இன்னும் சேதி போகவில்லை என்று எப்படிச் சொல்வது?

கோரின் முன்பு நகரத்தில் வீடு விற்றுக் கொடுக்கும் வேலையில் இருந்தவள். இரண்டு கல்யாணமும் ஒரு நோயும் கண்டவள். பிறகு அரிசோனா பக்கம் எங்கேயோ போய், மிருகங்களிடமிருந்து மனிதன் கற்க வேண்டியதைச் சொல்லித்தரும் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தாள். எமெட் உயிரோடு இருந்தவரை அதைக் கேலி செய்துகொண்டே இருந்தான். "என் குதிரைங்ககிட்ட கத்துக்கறதா? வேலியைக் கடிச்சுத் திங்கறதுக்கு நல்லாக் கத்துக்கலாம்." மே மாதம், "உனக்குத் துணையா இருக்கேன்" என்று கோரின் மார்லிஸ் வீட்டு மாடி அறைக்குக் குடிவந்தாள். ஜூனில் அந்தப் பயிற்சிக்கு முதல் விருந்தாளிகள் வந்தார்கள். அதன் பிறகு சனிக்கிழமைதோறும் வந்தார்கள். பெரும்பாலும் யாரையாவது இழந்தவர்கள். எமெட் இருபது வருஷம் கையால் தீனி கொடுத்து வளர்த்த இரண்டு கிழட்டுக் குதிரைகள்தான் ஆசிரியர்கள். செம்பட்டை நிற ரூஃபஸ், வெள்ளைப் பெட்டைக் குதிரை பெர்ல். கோரின் நாற்காலிகளை அரை வட்டமாகப் போட்டுப் பேசுவாள்.

"என் அண்ணன் இவங்களைப் பிள்ளைங்க மாதிரி வளர்த்தான், கண்ணுங்களா. அவன் போன மறுநாள் இவங்க என்ன செஞ்சாங்க தெரியுமா? புல் மேய்ஞ்சாங்க. ஒரு தடவைகூட வாசல்ல போய் நின்னு தேடல. அன்பு இல்லாமலா? இல்ல. நேத்துன்னு ஒன்னு அவங்ககிட்ட இல்ல. நாளைன்னு ஒன்னு இல்ல. இந்தப் புல், இந்த மூச்சு. அவ்வளவுதான்."

விருந்தாளிகள் மூக்கை உறிஞ்சுவார்கள். சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் சூப் கிண்டிக்கொண்டிருக்கும் மார்லிஸுக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த வாக்கியம் வந்து நெஞ்சில் இடிக்கும். பொய்யென்று தள்ளவும் முடியாது. அவள் கண்ணாலேயே பார்த்தாள். எமெட்டின் சாம்பல் வீட்டுக்குள் வந்த நாளில் அந்த இரண்டும் வேலியோரம் நிம்மதியாய் மேய்ந்துகொண்டிருந்தன. நன்றி கெட்ட ஜென்மங்கள். வேளைக்கு வைக்கோல் போடுவாள், தண்ணீர் விடுவாள். அதற்குமேல் அவற்றைத் தொடுவதை நிறுத்திவிட்டாள். புத்தகம் புத்தகமாகப் படித்தவளுக்கு மிருகத்தின்மேல் வன்மம் வைப்பது அசட்டுத்தனம் என்று தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

செப்டம்பர் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ரூஃபஸுக்குக் குடல் முறுக்கிக்கொண்டது.

கோரின் மறுநாள் விருந்தாளிகளுக்குப் பண்டம் வாங்க நகரத்துக்குப் போயிருந்தாள். பெர்ல் ஓடைக்கு அந்தப் பக்க மேய்ச்சலில் இருந்தது. வட்டப் பட்டிக்குள் ரூஃபஸ் தன் வயிற்றையே திரும்பித் திரும்பிப் பார்ப்பதையும், மண்ணைக் காலால் பறிப்பதையும் மார்லிஸ் ஜன்னல் வழியாகக் கண்டாள். கால்நடை மருத்துவப் பெண்ணுக்குப் போன் போட்டாள். அவள் தொலைவில் ஒரு பசுவின் பிரசவத்தில் இருந்தாள். "படுக்க விடாதீங்க. நடத்திக்கிட்டே இருங்க" என்றாள்.

மாதக்கணக்கில் தொடாத குதிரையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மார்லிஸ் வட்டம் வட்டமாக நடந்தாள். ரூஃபஸின் உடம்பு முழுக்க வேர்வை நுரைத்தது. நாலு அடி நடக்கும், முன்னங்கால் மடியும். அவள் தோளால் முட்டி எழுப்புவாள். பிறகு ஒரு கட்டத்தில் அவளால் எழுப்ப முடியவில்லை. அது விழுந்து புரண்டது. குளம்புகளால் தரையைக் கிழித்தது. தலையை மண்ணில் அடித்துக்கொண்டது. உதடு சுருண்டு மஞ்சள் பற்கள் தெரிந்தன. வாயில் மண். அவள் தள்ளி நின்று, "சரி, சரி, சரி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மருத்துவப் பெண் வந்தபோது சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. வயிற்றில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, பிழைக்காது என்று தலையை ஆட்டினாள்.

உயிரை அடக்கும் ஊசியைப் போடும்போது மார்லிஸ் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அடங்கும்வரை வைத்திருந்தாள். கண் திறந்தபடியே இருந்தது. அதில் வானம் தெரிந்தது, பிறகு தெரிவது நின்றது. எழுந்தபோது பாவாடை முழுக்க ஈரம்.

கோரின் திரும்பி வந்து, பட்டிக் கதவருகே ஒரே ஒரு நொடி நின்றாள். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கிட்டேயே வரவில்லை. நீல நிறத் தார்ப்பாயைக் கொண்டுவந்து தூரத்திலிருந்தே வீசிப் போர்த்தி, ஓரங்களில் கல் வைத்தாள். ஓடைப் பக்கம் போய் பெர்லைப் பிடித்துக்கொண்டு வந்து, பட்டி கண்ணில் படாத வழியாகத் தொழுவத்தில் அடைத்தாள். பிறகு வெண்டலுக்குப் போன் போட்டாள்.

"விடியும்போதே வந்துடச் சொல்லிட்டேன்" என்றாள் சமையலறையில்.

"பெர்ல் இன்னும் பார்க்கலையே."

"எட்டு மணிக்கு ஆளுங்க வர்றாங்க மார்லிஸ். எல்லாரும் துக்கத்துல இருக்கறவங்க. வந்ததும் வராததுமா ஒரு பொணத்தைக் காட்டறதா? பெர்ல் மட்டும்தான் இப்ப நமக்கு இருக்கா. அவ மனசு கலங்கினா நாளைக்கு நான் என்ன செய்வேன்?"

"எமெட் எப்பவும் காட்டுவான்."

"எமெட் இல்ல."

அது சுருக்கென்று குத்தியது. ஆனாலும் மார்லிஸின் வாய் பழக்கத்தை விடவில்லை. "சரி" என்றது.

அன்றிரவு அவள் நன்றாகத் தூங்கினாள். ஏப்ரலுக்குப் பிறகு அப்படி ஒரு தூக்கம் வந்ததில்லை. ஏன் என்று அவளுக்கு அப்போது விளங்கவில்லை.

விடிந்தபோது அவளை எழுப்பியது பெர்லின் குரல். கனைப்பு என்று சொல்ல முடியாது. இழுத்து, நெஞ்சிலிருந்து, ஒவ்வொரு தடவையும் முடிவில் கேள்விபோல் உயரும் கத்தல். கத்தும், நிறுத்தும், பதிலுக்குக் காத்திருக்கும். மறுபடி கத்தும். காத்திருக்கும் அந்த இடைவெளிதான் மார்லிஸால் தாங்க முடியாததாக இருந்தது. இழுப்பறையில் கிடக்கும் பேட்டரி அட்டைகள் ஞாபகம் வந்தன. எமெட்டின் மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

வெண்டலின் வண்டி வந்து நின்றிருந்தது. கோரின் பட்டிக் கதவருகே கையில் வாரியோடு நின்றாள். வெண்டல் தொப்பியைக் கழற்றி, நீலத் தார்ப்பாயைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"பார்த்தாச்சா?"

"ஆச்சு" என்றாள் கோரின்.

தொழுவத்திலிருந்து பெர்ல் கத்தியது. வெண்டல் அந்தப் பக்கம் காதைச் சாய்த்தார்.

"ஆன மாதிரி தெரியலையே."

"ஆச்சு வெண்டல். நீங்க தோண்டுங்க, நேரமாகுது."

"ஆகல" என்றாள் மார்லிஸ் வாசற்படியிலிருந்து. தன் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. நூலகத்தில் அந்தக் குரலுக்கு வேலை இருந்ததில்லை. "இன்னும் ஆகல வெண்டல்."

வெண்டல் இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். தொப்பியை மாட்டிக்கொண்டார். வண்டியில் ஏறினார். குடுவையின் மூடியைத் திருகும் சத்தம் கேட்டது.

"அந்த ஆளை இறங்கச் சொல்லு" என்றாள் கோரின், பல்லைக் கடித்துக்கொண்டு.

"நான் சொன்னா கேட்கமாட்டார். பெர்ல் சொல்லணும்."

"வெளையாடாதே. இது என் வேலை, மார்லிஸ். இதுலதான் நான் நிக்கறேன்."

"தெரியும். என் வீட்டு முற்றத்துலதான் நிக்கறே."

இப்படி ஒரு பேச்சு அவர்களுக்குள் அதுவரை நடந்ததில்லை. அந்த நேரம் பார்த்துச் சரளைக் கல் பாதையில் கார்கள் வந்து திரும்பின. சிலர் சீக்கிரமாகவே வந்துவிட்டார்கள். முதலில் இறங்கியவள் ஜோலீன் என்ற பருத்த பெண். கடை வாசனை போகாத புத்தம்புது பூட்ஸ் போட்டிருந்தாள். கையில் இலவங்கப்பட்டை ரொட்டித் தட்டு.

"ஐயோ, அந்தக் குதிரை ஏன் இப்படிக் கூப்பிடுது?" என்றாள்.

"அவ உங்களை வரவேற்கிறா கண்ணு" என்றாள் கோரின். முகம் ஒரு நொடியில் மாறியிருந்தது. சிரிப்பு ஏறியிருந்தது.

மார்லிஸ் அதற்குள் தொழுவத்தை நோக்கி நடந்துவிட்டாள்.

பெர்லின் கழுத்தில் கயிற்றை மாட்டியபோது அதன் உடம்பு தந்திக் கம்பிபோல் அதிர்ந்தது. வெளியே வந்ததும் அவளை இழுத்துக்கொண்டு ஓடியது. பட்டிக் கதவை மறித்துக்கொண்டு நின்ற கோரின், குதிரையைக் கண்டு விலகினாள். மார்லிஸ் பட்டிக்குள் போய், கல்லை உதைத்துத் தள்ளி, தார்ப்பாயின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள்.

அப்போதுதான் தரையைப் பார்த்தாள்.

முந்தின நாள் ரூஃபஸ் குளம்பால் கிழித்த பள்ளங்கள், தலையால் அடித்துக்கொண்ட இடம், புரண்ட இடம், ஒன்றையும் காணோம். பட்டி முழுவதும் வாரியிருந்தது. சீப்பு ஓட்டியதுபோல் கோடு கோடாக.

அந்தக் கோடுகளை அவள் ஏற்கெனவே பார்த்திருக்கிறாள். அவற்றுக்காக ஒருத்தியைக் கட்டிக்கொண்டு நன்றி சொல்லியிருக்கிறாள்.

கையிலிருந்த கயிறு நழுவியது. பெர்ல் தனியாகப் போயிற்று. முதலில் தூரத்திலேயே நின்று மூக்கால் புர்ரென்று ஊதியது. ஒரு சுற்றுச் சுற்றியது. கிட்டே போய், பின்வாங்கி, மறுபடி போயிற்று. ரூஃபஸின் மூக்குத் துளையில் தன் மூக்கை வைத்து மூச்சை இழுத்தது. கழுத்து மயிரைப் பல்லால் பற்றி லேசாக இழுத்துப் பார்த்தது. முன்னங்குளம்பால் தோளைத் தட்டியது, எழுந்திரு என்பதுபோல். இன்னொரு முறை தட்டியது. பிறகு தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு அப்படியே நின்றது. கத்தவில்லை. அந்தக் காலையில் முதன்முறையாக ஓடையின் சத்தம் கேட்டது.

வெண்டல் வண்டிக்குள் காப்பியைக் குடித்து முடித்து மூடியைத் திருகும்வரை அது நின்றது. பிறகு பெருமூச்சு விட்டது. உடம்பை ஒருமுறை உதறிக்கொண்டது. மெல்ல நடந்து பட்டியின் ஓரத்துக்குப் போய், கம்பிக்கு வெளியே கழுத்தை நீட்டி, அங்கே வளர்ந்திருந்த புல்லைக் கடித்தது.

வேலிக்கு வெளியே நின்ற விருந்தாளிகள் அழுதுகொண்டிருந்தார்கள். ஜோலீன் ரொட்டித் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள். கோரினுக்கு மூச்சு திரும்பியது. அவள் கெட்டிக்காரி.

"பார்த்தீங்களா?" என்றாள். "பார்த்தீங்களா கண்ணுங்களா? இதைவிடப் பெரிய பாடம் நான் சொல்லித்தர முடியாது. ரூஃபஸ் நேத்து சாயந்திரம் தூங்கற மாதிரி போனான். எந்தப் போராட்டமும் இல்ல. இவ வந்தா, விடை கொடுத்தா, இதோ, இந்தப் புல்லுக்குத் திரும்பிட்டா. நேத்துங்கறதே இல்ல."

"கோரின்" என்றாள் மார்லிஸ்.

"கொஞ்சம் இரு மார்லிஸ்."

"இந்தத் தரையை எப்ப வாரினே?"

"என்ன?"

"தரை. எப்ப வாரினே?"

"காலைல. ஏன்?"

"ஏப்ரல்லயும் வாரியிருந்தே. தொழுவத்துல."

கோரினின் கை அங்கே சாத்தி வைத்திருந்த வாரியை நோக்கிப் போய், பாதியில் நின்றது.

"இதை அப்புறம் பேசலாம். இப்ப வேண்டாம்."

"இப்பத்தான் பேசணும். இப்பங்கறது மட்டும்தானே இருக்கு? வாராவாரம் சொல்றியே."

விருந்தாளிகளில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு உடனே அடக்கிக்கொண்டார்கள்.

"ரூஃபஸ் தூங்கற மாதிரி போகல" என்றாள் மார்லிஸ். "என் மடியிலதான் போச்சு. வாயெல்லாம் மண்ணு. தரையைக் கிழிச்சுப் போட்டுச்சு. நீ வாரி மூடிட்டு, தூங்கினான்னு சொல்றே. எமெட்டையும் அப்படித்தான் சொன்னே. இதே வார்த்தை."

கோரின் விருந்தாளிகள் பக்கம் பார்த்தாள்.

"அன்னைக்குக் குதிரைங்க எங்க இருந்துச்சு?"

"மார்லிஸ்..."

"எங்க இருந்துச்சு?"

"உள்ளதான்." கோரினின் குரல் சட்டென்று வயதாகிப்போனது. "அவன் கூடதான். ராத்திரி தீனி போடப் போனவன்... கட்டறதுக்குள்ளயே ஆயிருக்கு. ரெண்டும் அவிழ்ந்துதான் கெடந்துச்சு. கதவு திறந்துதான் இருந்துச்சு. ஆனா வெளிய போகல. அவன் மேல குனிஞ்சுக்கிட்டு நின்னுச்சு. நான் போனப்ப நகரவே மாட்டேன்னுச்சு. வாரியால தட்டி வெரட்டினேன்."

மார்லிஸ் திரும்பிப் பெர்லைப் பார்த்தாள். அது மேய்ந்துகொண்டிருந்தது. பல் புல்லைப் பிய்க்கும் சத்தம் சீராகக் கேட்டது. ஒரு கோடைகாலம் முழுக்க இதை நன்றி கெட்ட ஜென்மம் என்று நினைத்திருந்தாளே. இது மறக்கவில்லை. பார்த்திருந்தது. விடிய விடிய, அவன் சூடு ஆறும்வரை, அவன் வாசனை மாறும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்திருந்தது. அதனால்தான் மறுநாள் அதற்குப் புல் இருந்தது. சும்மா கிடைத்த நிம்மதி இல்லை அது. அவள் நின்றிருக்க வேண்டிய இடத்தில் இரண்டு குதிரைகள் நின்றிருக்கின்றன.

"எவ்வளவு நேரம் ஆச்சு அவனுக்கு?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"தரை தெரிஞ்சிருக்குமே. நீதானே வாரினே."

கோரின் முகத்தை மூடிக்கொண்டாள். விரல்களுக்கு நடுவிலிருந்து சொற்கள் வந்தன. "நடுவுலேர்ந்து கதவு வரைக்கும் வந்திருக்கான். குதிகாலால உந்தி உந்தி. அந்தத் தடம்... ஒரு காது மிஷின் நடுவுல கெடந்துச்சு, இன்னொன்னு கதவுகிட்ட. கண்ணு ரெண்டும்..." நிறுத்தினாள். "நீ அதைப் பார்க்க வேண்டாம்னுதான் மார்லிஸ். சத்தியமா. எனக்குக் கண்ணை மூடினா அதுதான் வருது. அதனாலதான் இந்தப் புல்லு, இந்த மூச்சு, எல்லாம். இல்லைன்னா நான் எங்க போவேன்?"

இன்னொரு நாளாக இருந்தால் மார்லிஸ் போய் அவளைக் கட்டிக்கொண்டிருப்பாள். அவளுக்கே அது தெரிந்தது. கால் நகரவில்லை.

"நீயாவது பார்த்தே" என்றாள்.

வண்டிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. வெண்டல் இறங்கி, தொப்பியைக் கழற்றி, வேலியோரம் வந்து நின்றார். கோரினைப் பார்க்கவில்லை. மார்லிஸைத்தான் பார்த்தார்.

"ஆச்சா?"

மார்லிஸ் பெர்லைப் பார்த்தாள்.

"அதுக்கு ஆச்சு" என்றாள்.

அவர் தலையசைத்துவிட்டு எந்திரத்தை இறக்கப் போனார்.

விருந்தாளிகள் உடனே கிளம்பவில்லை. கிளம்புவதா வேண்டாமா என்று தெரியாமல் ரொட்டியைத் தின்றுகொண்டு நின்றார்கள். புறப்படும்போது ஜோலீன் வந்து மார்லிஸின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவள் கண்கள் சிவந்திருந்தன. "என் புருஷன் போனதுலேர்ந்து இவ்வளவு லேசா நான் இருந்ததே இல்ல" என்றாள். "அந்தக் குதிரை எனக்குக் காட்டிக்கொடுத்துடுச்சு. எப்படி விட்டுடணும்னு."

"நீங்க உங்க வீட்டுக்காரரைப் பார்த்தீங்களா?" என்று கேட்டாள் மார்லிஸ். "கடைசியில?"

"கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். ஏன்?"

"ஒன்னுமில்ல. ரொட்டி நல்லா இருந்துச்சு."

பனி விழத் தொடங்குவதற்கு முன் கோரின் போய்விட்டாள். வேறொரு பள்ளத்தாக்கில், வேறொருவருடைய குதிரைகளை வைத்து வகுப்பு நடத்துகிறாள் என்று கேள்வி. பெர்லின் கதையை அங்கே சொல்கிறாளாம். வந்தது, விடை கொடுத்தது, புல்லுக்குத் திரும்பியது. கேட்பவர்கள் எல்லாரும் அழுகிறார்களாம். அந்தக் கதையில் தார்ப்பாய் கிடையாது. வாரியும் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை வந்தது. மார்லிஸ் அதை ஜன்னல் விளிம்பில் நிறுத்தி வைத்தாள். பதில் போடவில்லை.

மார்லிஸ் சில நாட்கள் தொழுவத்தின் நடுவில் போய் நிற்பாள். அங்கிருந்து கதவு எவ்வளவு தூரம் என்று பார்ப்பாள். குதிகாலை ஊன்றி உந்துவது எப்படியிருக்கும் என்று நினைப்பாள். எமெட்டின் அந்தக் கடைசி முகத்தை மனதில் கொண்டுவர முயல்வாள். வாய் நிறைய ரொட்டியோடு மழைத்துடைப்பானைப் பற்றித் திட்டும் முகம்தான் வரும். வைக்கோலைக் காலால் விலக்கிப் பார்த்தால் அடியில் வெறும் தரை. இப்போது அவளுக்கு எல்லாம் தெரியும். யாரும் இனி அவளிடம் எதையும் மறைக்க முடியாது.

ஜனவரியில் ஒரு நாள் கடையில் பாலும் முட்டையும் எடுத்துக்கொண்டு கல்லாவுக்கு வந்தாள். அங்கே புதிதாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், ஊருக்கே புதியவள். மார்லிஸின் கை போயிற்று. இந்த முறை அவள் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். எங்கே போகிறது என்று தெரிந்தது. யாருக்கு என்றும் தெரிந்தது, அந்த இரண்டு மிஷின்களும் எங்கெங்கே கிடந்தன என்றும் தெரிந்தது. கை பேட்டரி அட்டையை எடுத்துப் பாலுக்குப் பக்கத்தில் வைத்தது.

"வீட்டுக்காரருக்கா?" என்றாள் அந்தப் பெண், சிரித்துக்கொண்டே. "எங்க தாத்தாவும் இதேதான் வாங்குவார். போட்டாலும் நாம சொல்றது காதுல விழாது."

"ஆமா" என்றாள் மார்லிஸ். "இவருக்கும் விழாது."

வீட்டுக்கு வந்தபோது பெர்ல் வேலியோரம் பனியைக் குளம்பால் விலக்கிவிட்டு, அடியில் கிடந்த காய்ந்த புல்லை மேய்ந்துகொண்டிருந்தது. பையோடு அவள் கொஞ்ச நேரம் அதன் எதிரே நின்றாள். அது தலையைத் தூக்கவில்லை.